கோட்டையில் கல், கோர்ட்டில் எலும்பு! சென்னைக் கல்லறைகளைச் சுற்றும் பேய்க் கதைகள்

பாரிமுனையில் பஸ்சை விட்டு இறங்கி, ஐகோர்ட்டு, பழைய சட்டக் கல்லூரிப் பக்கம் நடக்கிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் உண்டு. வக்கீல், குமாஸ்தா, கட்சிக்காரர், டீ டம்ளர் தூக்கும் பையன் என்று எல்லாரும் நடக்கிறார்கள். காலுக்கு அடியில் ஒரு பழைய இடுகாடு கிடக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால், பொழுது சாய்ந்த பிறகு கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வழியாகப் போவார்களோ என்னவோ!

சாட்சி வேண்டுமானால் அங்கேயே நிற்கிறது. சட்டக் கல்லூரிக் கட்டடத்தை ஒட்டி, கூர் நுனியோடு உயர்ந்து நிற்கும் தூண் ஒன்று உண்டு. கோவில் கோபுரமும் அல்ல, நினைவுத் தூணும் அல்ல. அது ஒரு கல்லறை. உள்ளே இருவர் அடக்கம். ஒருவர் கம்பெனி அதிகாரி, இன்னொருவர் ஒரு சின்னஞ்சிறு பிள்ளை.

இருவரும் ஒரே குழிக்கு எப்படி வந்தார்கள் என்பதே ஒரு கதை.

ஒரு பெண், இரண்டு கணவர், ஒரு கல்லறை

ஜோசப் ஹின்மர்ஸ் என்பவர் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய அதிகாரிகளில் ஒருவர். 1680-ல் இறந்துபோனார். கோட்டைக்கு வெளியே இருந்த வெள்ளைக்காரர் இடுகாட்டில் புதைத்தார்கள். மனைவி கேதரின் கைப்பிள்ளைகளோடு விதவையானார்.

அதே ஆண்டு நவம்பர் 4-ந்தேதி, கேதரினுக்கு மறுமணம்! மாப்பிள்ளை எலிஹு யேல். கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே நடந்த முதல் கல்யாணமே இதுதான். யேல் பின்னாளில், 1687 முதல் 1692 வரை, சென்னைக் கவர்னராக இருந்தார். அமெரிக்காவில் உள்ள யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைக் கொண்டதுதான். 1718-ல் இவர் அனுப்பிய சாமான்களை விற்று வந்த பணத்தில் ஒரு கட்டடம் எழும்பியது. நன்றிக்கு அவர்கள் பெயரை வைத்துவிட்டார்கள்.

கேதரினுக்கும் யேலுக்கும் பிறந்த ஆண் பிள்ளை டேவிட். அது பிஞ்சிலேயே போய்விட்டது. பிள்ளையைத் தாயின் முதல் கணவருடைய கல்லறையிலேயே வைத்தார்கள். பெற்ற தகப்பன் கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளை மட்டும் பாரிமுனையில் தங்கிவிட்டது.

யேலைப் பற்றி ஒரு தூக்குக் கதையும் உண்டு. தன் குதிரைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் குதிரையை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் வெளியூர் போய்விட்டானாம். திரும்பி வந்தவனை யேல் துரை தூக்கில் போட்டுவிட்டாராம். இதை அச்சில் ஏற்றியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்கிற கப்பல் கேப்டன். புத்தகம் வந்தது 1727-ல். கம்பெனி ரெக்கார்டுகளைத் துருவிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் இதை நம்பவில்லை. ஆனாலும் தூக்கில் தொங்கியவன் கதையை யார் விடுவார்கள்? முந்நூறு வருஷமாக அது நடமாடிக்கொண்டே இருக்கிறது. ஆவி என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பிணத்துக்குப் பின்னால் பீரங்கி

அந்த இடுகாட்டில் இருந்த மற்றக் கல்லறைகள் எங்கே?

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டான். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் சுட்டால் மறைந்துகொள்ள இடம் வேண்டுமே? வெள்ளைக்காரர் இடுகாடு வாகாகக் கிடைத்தது. அங்கே பெரிய பெரிய கல்லறைகள், வளைவுகள், கூம்புகள். அவற்றின் பின்னால் பதுங்கிக்கொண்டு பிரெஞ்சுச் சிப்பாய்கள் கோட்டையை நோக்கிச் சுட்டார்கள். ஆங்கிலேயனைச் சுட ஆங்கிலேயன் கல்லறையே அரண்!

1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டு ஓடினான். அதன் பிறகு ஆங்கிலேயருக்குப் புத்தி வந்தது. கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பெயர் வெட்டிய கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பாவிவிட்டார்கள். எலும்புகளை யாரும் தொடவில்லை. அவை கிடந்த இடத்திலேயே கிடந்தன.

கற்களுக்கும் அதோடு நிம்மதி இல்லை. ஐதர் அலி படை வருகிறது என்ற பயம் வந்தபோது அவற்றையும் பெயர்த்து, கோட்டை மதில்மேல் பீரங்கிக்கு அடிக்கல்லாகப் போட்டார்கள். சண்டை ஓய்ந்து பல வருஷம் கழித்துத்தான் பழைய இடத்துக்குத் திரும்பின.

இன்றைக்கும் கோட்டைக்குள் தேவாலயத்தைச் சுற்றி நடந்தால் காலடியில் இருப்பவை அந்தக் கற்கள்தான். ஒரு கல் 1652-ம் ஆண்டைச் சேர்ந்தது. எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியுடையது. தேவாலயம் கட்டியதோ 1680-ல். கோவிலைவிடக் கல்லுக்கு வயது அதிகம். கல் கோட்டையில், உடல் கோர்ட்டுப் பக்கத்தில். ஒரு ஆவி தன் வீட்டைத் தேடிப் போனால் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் மந்திரவாதிக்கே தலை சுற்றும்.

இடிபடாமல் தப்பிய மிகச் சில கல்லறைகளில் ஒன்றுதான் ஹின்மர்ஸ், டேவிட் கல்லறை. மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பேய்க்குப் பயப்படாதது பார்க்கிங்!

முந்நூறு வருஷத்துக்கு மேல் அசையாத அந்தக் கல்லறைக்கு ஆபத்து வந்தது கார் நிறுத்துமிடத்தால்! ஐகோர்ட்டுக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் இல்லை. கல்லறையைச் சுற்றிக் கட்டடம் கட்டத் தொல்பொருள் சட்டம் தடையாக நிற்கிறது. வழக்கு போட்டார்கள். 2023-ல் கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லித் தனி நீதிபதி உத்தரவு போட்டார். இதற்கு என்ன சரித்திர மதிப்பு என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. தகராறு அப்பீலுக்கும் போனது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. தினமும் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி அலைகிற குமாஸ்தாவுக்கு யேல் துரையின் பிள்ளை மாமனா மச்சானா? ஆனால் லாலியின் பீரங்கிக்கும் ஐதர் பயத்துக்கும் தப்பிய கல், மோட்டார் சைக்கிளுக்குத் தப்பவில்லை என்றால் அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

எலும்பு இடம் மாறுவது சென்னைக்குப் புதிது அல்ல. அந்தக் கதையின் நாயகர் மவுண்ட் ரோட்டில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

தங்கத் தோரணம் கண்ட கவர்னர்

தீவுத்திடல் பக்கம் பஸ்சில் போகும்போது எல்லாரும் பார்த்த சிலைதான். சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை கவர்னர். குதிரைக்குச் சேணம் கிடையாது. கால் வைக்கிற அங்கவடியும் கிடையாது. சிற்பி அதை மறந்துவிட்டானாம். ஒரு சிறு பையன் சுட்டிக் காட்டியதும் அவமானம் தாங்காமல் உயிரை விட்டானாம். ஊர் முழுக்க இந்தக் கதை உண்டு. அத்தனையும் புளுகு. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி லண்டனில் செய்த வேறு குதிரைச் சிலைகளிலும் அங்கவடி கிடையாது. அவர் பாணியே அதுதான்.

மன்றோவின் சாவுக் கதை இதைவிடப் பெரிது.

கவர்னர் வேலை முடிந்து சீமைக்குப் புறப்படும் முன், தான் கலெக்டராக இருந்த கடப்பை, பெல்லாரிச் சீமை மக்களிடம் விடைபெற மன்றோ போனார். கடப்பைப் பக்கம் பாபாக்னி ஆறு ஓடும் மலை இடுக்கில் குதிரையில் போகிறார். திடீரென்று தலை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கே இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவிலே யார் தங்கத் தோரணம் கட்டினது?"

கூட வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வெறும் வானம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கிழவர் மட்டும் முகம் கறுத்துப்போனார். அது ராமர் காலத்துத் தோரணம். சாவு நெருங்கிய நல்ல மனுஷன் கண்ணுக்குத்தான் தெரியும் என்று பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தார்.

இது கதை. இனி வருவது ரெக்கார்டு. 1827 ஜூலை 6-ந்தேதி பத்திகொண்டா என்ற ஊரில் மன்றோ காலரா கண்டு இறந்தார். பக்கத்தில் உள்ள கூத்தியில் புதைத்தார்கள். 1831-ல் தோண்டி எடுத்து, சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

இதே மன்றோதான் மந்திராலயத்தில் ராகவேந்திரரோடு பேசினார் என்பதும் ஊரறிந்த கதை. சுவாமிகள் பிருந்தாவனத்துக்குள் போனது 1671-ல். ஏறக்குறைய நூற்று முப்பது வருஷம் கழித்து, மடத்து நிலத்துக்கு வரி விஷயமாக விசாரிக்க வந்த மன்றோ, பிருந்தாவனத்தின் முன் நின்று யாருடனோ கேள்வியும் பதிலுமாகப் பேசினாராம். சுற்றி நின்றவர்களுக்கு மன்றோவின் குரல் மட்டும் கேட்டதாம். வெள்ளைக்காரர்கள் அச்சிட்ட ஜில்லா கெஜட்டிலேயே இந்தக் கதை ஏறியிருக்கிறது. பேய்க் கதையில் பயம் வரும். இதில் பக்தி வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆணி அடிக்கப் போனவன்

துரைகள் கதையை விடுங்கள். நம்மவர் கதைக்கு வருவோம். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து சுடுகாட்டுப் பேச்சை எடுத்தால், மூன்றாவது டீக்குள் இந்தக் கதை வந்தே தீரும்.

நாலு பேர் பந்தயம் கட்டுகிறார்கள். நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சுடுகாட்டுக்குத் தனியாகப் போக வேண்டும். அங்கே ஒரு ஆணி அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

"பேயாவது பிசாசாவது! நான் போறேன்டா" என்று ஒருவன் கிளம்புகிறான். வேட்டி கட்டியவன். இருட்டு. தூரத்தில் ஏதோ ஒரு பிணம் எரிந்து முடிகிற வாடை. நாய் ஊளையிடுகிறது. குனிந்து உட்கார்ந்து படபடவென்று ஆணியை அடித்துவிட்டான். எழுந்து ஓடப் பார்த்தால், பின்னாலிருந்து யாரோ வேட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள்!

"ஐயோ" என்று ஒரு அலறல். அவ்வளவுதான்.

விடிந்து போய்ப் பார்த்தால் ஆள் பிணமாகக் கிடக்கிறான். தன் வேட்டி நுனியையும் சேர்த்துத் தானே ஆணி அடித்திருக்கிறான்.

தஞ்சாவூர்க்காரர் இது தங்கள் ஊரில் நடந்தது என்பார். மதுரைக்காரர் செத்தவன் தன் மாமாவுக்குத் தெரிந்தவன் என்பார். ராயபுரத்துக்காரரோ இடத்தையே காட்டுவார். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்த கேசுக்கு எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். இருக்காது. என்றாலும் மற்ற எல்லாப் பேய்க் கதையையும்விட இதில் உண்மை அதிகம். கதையில் பேயே இல்லை பாருங்கள்!

அடுத்தது வெள்ளைச் சேலைக்காரி. மல்லிகை வாசனை, கால் கொலுசு, நள்ளிரவில் கல்லறை ரோட்டில் கை காட்டுகிற பெண். முன்பு மாட்டு வண்டியை நிறுத்தினாள். பிறகு ரிக்‌ஷா. அதற்கப்புறம் ஆட்டோ. ஏறி உட்காருவாள், கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின் சீட் காலி. சென்னையில் மதில் சுவரும் மரமும் உள்ள கல்லறை ரோடு எதுவாக இருந்தாலும் இந்தக் கதை அங்கே குடியிருக்கும். மீட்டருக்கு மேல் போட்டுக் கொடுக்கச் சொல்லி டிரைவர் பேரம் பேசாத ஒரே சவாரி இதுதான் என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேலியும் உண்டு.

சதுப்பு நிலத்திலும் பிணம் புதைத்த இடத்திலும் திடீரென்று ஒரு வெளிச்சம் தோன்றி, நகர்ந்து, அணைவதைக் கண்டவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். மண்ணுக்குள் அழுகும் பொருளில் இருந்து வரும் வாயு பற்றி எரிவதே இது என்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஊருக்குள் விளக்கு வெளிச்சம் பெருகப் பெருகக் கொள்ளிவாய்ப் பிசாசும் குறைந்துவிட்டது.

பிசாசுக்குச் சுருட்டு, சாராயம்!

நம் ஊர்ப் பேய்க்கு ஒரு சட்டம் உண்டு. வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, பாயில் படுத்துச் செத்தவர் பேயாக வருவதில்லை. கொலையுண்டவன், தூக்குப் போட்டுக்கொண்டவள், பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவள், சண்டையில் வெட்டுப்பட்டவன் இவர்கள்தான் வருவார்கள். ஆசை தீராமல் போனவர்கள். பிள்ளையைச் சுமந்தபடி இறந்த பெண்ணுக்காகச் சாலை ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டுவது அதனால்தான். வழிப்போக்கன் அதில் தன் பாரத்தை இறக்கினால், அவள் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை.

இந்தச் சட்டத்தில் வெள்ளைக்காரனுக்கும் விலக்கு இல்லை!

1809-ல் வேலுத்தம்பி தளவாய் கலகத்தின்போது திருவிதாங்கூர் எல்லை அரணைக் கம்பெனிப் படை பிடித்தது. அந்தச் சண்டையில் போல் என்ற ஆங்கிலேய அதிகாரி படுகாயம் அடைந்து இறந்தான். சண்டை நடந்த இடத்தில் இருந்து சுமார் 25 மைல் தள்ளி, மணல் காட்டில் புதைத்தார்கள். ஊரும் இல்லை, உறவும் இல்லை. அகால மரணம். சும்மா இருப்பானா?

சுற்று வட்டாரத்து மக்கள் கூடி அவனுக்கும் படையல் போட்டார்கள். மற்றப் பேய்க்குக் கோழியும் கிடாவும் என்றால் துரைப் பேய்க்கு என்ன போடுவது? யோசித்தார்கள். உயிரோடு இருந்தபோது துரை எதை விரும்பியிருப்பானோ, அதையே வைத்தார்கள். சாராயமும் சுருட்டும்! அவன்மேல் பாட்டும் கட்டினார்கள்.

இதை எழுதி வைத்தவர் சாதாரண ஆள் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவரேதான். 1849-ல் வெளியிட்ட சிறு புத்தகத்தில் இந்தச் செய்தி இருக்கிறது. பாதிரியாருக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், சுட்டவனா சுடப்பட்டவனா என்று பார்க்காமல் அநாதைப் பிணத்துக்கு ஒரு வாய் வைத்த ஜனங்கள் அவர்கள்.

எலும்புக்கூடு நிற்கும் வாசல்

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் உண்டு. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் முழு எலும்புக்கூடு செதுக்கி நிற்க வைத்திருக்கிறார்கள். பேய்க் கதை சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்? இருட்டில் பார்த்தால் பெரிய ஆளுக்கும் தொண்டை வறளும். ஆனால் செதுக்கியவன் பேயை நினைத்துச் செதுக்கவில்லை. உனக்கும் ஒருநாள் இதுதான் என்று உள்ளே வருகிறவனுக்குச் சொல்லும் ஐரோப்பிய வழக்கம் அது. பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள் உள்ளே வரிசையாக இருக்கின்றன. இதுவும் தொல்பொருள் துறை வசம்.

பயத்தில் யாருக்கு லாபம்?

பேய் இருக்கிறது என்று ஊர் நம்பினால், ராத்திரியில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் யாருக்குப் பிடிக்கும் என்று போலீசாரைக் கேட்க வேண்டியதில்லை. கஞ்சாப் பொட்டலம், சீட்டாட்டம், பழைய கல்லறையின் இரும்புக் கம்பி வேலி, சலவைக்கல் பலகை எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சேலைக்காரி இலவசக் காவல்காரி.

பயத்தால் நஷ்டப்படுகிறவர்களும் உண்டு. மயானத்திலேயே குடியிருந்து குழி வெட்டுகிற, பிணம் எரிக்கிற தொழிலாளிகள்தான் அவர்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பிணம் வந்தாலும் எழுந்து போகிறவர்கள். அவர்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் விலாசம் சொன்னால் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்காருகிற கொடுமையும் இந்த ஊரில்தான். செத்தவரைத் தூக்கி வரும்போது அந்தத் தொழிலாளியைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் நிழல்கூட வேண்டாம்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது, பேய் பிடிக்கும் என்பது இன்னொரு பயம். அண்ணா நகர் வேலங்காடு மயானத்தில் 2014-ல் இருந்து பெண்களே நிர்வாகத்தை ஏற்று நடத்தினார்கள். ஆரம்பத்தில் எதிர்ப்பு, ஏச்சு, மிரட்டல். அவர்களுக்குப் பேய் பிடிக்கவில்லை. ரசீது போட்டார்கள், இடத்தைக் கூட்டினார்கள், செடி வைத்தார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை என்று ஊரே மேளம் கொட்டிச் சுடுகாட்டுக்குள் போகிறதே, அன்றைக்கு மட்டும் பேய்க்கு லீவா?

இடம் இல்லாத பிரச்சினையும் உண்டு. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம் நிரம்பி வழிகிறது. புதுக் குழி தோண்ட இடம் இல்லாமல் குடும்பக் குழியையே மறுபடி திறக்கிறார்கள். ஒரு தடவை புதைத்தால் 14 வருஷம் கழித்துத்தான் அதைத் திறக்கலாம் என்ற விதி நெடுநாள் இருந்தது. அப்பாவைப் புதைத்த மூன்றாம் வருஷம் அம்மா போய்விட்டால், அம்மாவுக்கு இடம் தேடி ஊருக்கு வெளியே அலைந்த குடும்பங்கள் உண்டு. அடுக்கு மாடிபோல ஒன்றின்மேல் ஒன்றாகக் கான்கிரீட் அறை கட்டி வைப்பதும் வந்துவிட்டது.

புனித மேரி தேவாலயத்துக் கற்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பகலில் போகலாம். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. கற்கள் தரையோடு தரையாகப் பாவி இருப்பதால் குனிந்துதான் படிக்க வேண்டும். பல எழுத்துகள் கால் பட்டுத் தேய்ந்திருக்கின்றன. 1652-ம் வருஷத்துக் கல்லைக் காணாமல் திரும்ப வேண்டாம்.